காந்தளூர் மலைக்குப் போய்ச் சேர்வது எப்படி: காரிலும் பஸ்ஸிலும்

முதல் முறை நாங்கள் காந்தளூர் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தேகால். சமையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தார். காலையில் மதுரையில் கிளம்பும்போது "மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்போம்" என்று சொன்னவன் நான்தான். வழியில் வண்டி பழுதாகவில்லை, மழை இல்லை. எல்லாம் நான் செய்த தப்புகள்தான். அடுத்த முறை இரண்டு பேராக பஸ்ஸிலேயே போய், வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பயணத்திலும் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

காந்தளூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் மலைக்கிராமம். ஐயாயிரம் அடி உயரம். ஆப்பிளும் பூண்டும் விளையும் குளிர். ஊரில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர் இருப்பதால் மொழியில் தடங்கல் வராது. வழியில்தான் வரும்.

1. அறை பதிவு செய்யும் முன் ஊர் எது என்று பாருங்கள்

என் முதல் தப்பு இதுதான். பதிவுத் தளத்தில் "மூணாறு" என்று தேடினேன். நல்ல விலையில் ஒரு விடுதி வந்தது, பணம் கட்டினேன். போடிமெட்டு ஏறி மூணாறு போய் அங்கிருந்து விடுதிக்குப் போன் செய்தால், "நீங்க இன்னும் 55 கிலோமீட்டர் வரணுங்க" என்றார்கள். மூணாற்றிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டர், அதற்கு மேல் காந்தளூர் 15. எல்லாமே மலைப்பாதை.

தளத்தில் ஊர் பெயர் எதுவாக இருந்தாலும் விலாசத்தில் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள். காந்தளூர், கீழாந்தூர், குகநாதபுரம், பெருமலை, புத்தூர் என்று இருந்தால் உங்கள் நுழைவாயில் உடுமலைப்பேட்டை. வட்டவடை என்று இருந்தால் அது மூணாற்றுக்கு இன்னொரு பக்கம், இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

வரைபடத்தில் "காந்தளூர்" என்று மட்டும் போட்டால் திருவனந்தபுரத்துக் காந்தளூரும் எட்டிப்பார்க்கும். மறையூர் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

பதிவு செய்யும் முன் விடுதிக்கு ஒரு போன் போட்டு இந்த நாலு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்:

- சாதாரண கார் வாசல் வரை வருமா, இல்லை ஜீப் மட்டும்தானா?
- ஜீப் என்றால் எங்கே நிறுத்துவது, ஜீப்புக்கு எவ்வளவு, அது அறை வாடகையில் அடங்குமா?
- கடைசியாக எத்தனை மணிக்குள் வர வேண்டும், இரவுச் சாப்பாடு எப்போது சொல்ல வேண்டும்?
- வரைபடத்தில் இருக்கும் புள்ளி சரியானதா? வாட்ஸாப்பில் புது இடக்குறி அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கு "வரும் வரும்" என்று இழுத்தால் "மாருதி ஆல்டோ ஏறுமா?" என்று நேராகக் கேளுங்கள். எங்களிடம் "வண்டி வரும்" என்றுதான் சொன்னார்கள். வண்டி என்றால் அவர்கள் ஊரில் ஜீப்.

போன் எண்ணை இணையத்தில் தேடி எடுத்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள். விடுதி பெயரில் போலி எண் வைத்து முன்பணம் பிடுங்குவது இப்போது சகஜம். பதிவுத் தளத்தின் உறுதிச் சீட்டில் வரும் எண்ணே பாதுகாப்பு.

2. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

ஆளுக்கு: பெரியவர்கள் எல்லாருக்கும் படம் போட்ட அடையாள அட்டை. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எதுவும் சரி. பான் அட்டையில் விலாசம் இல்லாததால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். ஒருவர் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், எல்லாரிடமும் கேட்பார்கள்.

இலங்கை, மலேசியா, கனடாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தால் இதைக் கவனியுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை (பலர் "சி படிவம்" என்பார்கள்) இணையத்தில் பதிய வேண்டும். சின்ன ஹோம்ஸ்டேக்கள் சில அந்த வேலைக்குப் பயந்து, வாசலில் வந்து நிற்கும்போது மறுத்துவிடும். முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு: ஆர்சி, இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் உரிமம், புகைச் சான்று. டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆனால் காட்டுக்குள் சிக்னல் இருக்காது, திறந்து படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப்பேர் மறப்பது புகைச் சான்று. எனக்கும் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, கிளம்பும் அன்று காலை பெட்ரோல் பங்க்கில் எடுத்தேன், அதில் முக்கால் மணி நேரம் போனது. சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் விளையாட்டில்லை. கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலைக் கேமராவே அபராதச் சீட்டு அனுப்புகிறது, பைக்கில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

சொந்தக் கார், வெள்ளை போர்டு என்றால் கேரளத்துக்குள் போக பர்மிட் எதுவும் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் வந்த இ-பாஸையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த இ-பாஸ் இந்தப் பாதைக்குக் கிடையாது.

மஞ்சள் போர்டு டாக்ஸி என்றால் கேரள பர்மிட்டும் வரியும் உண்டு. மத்திய அரசின் வாகனத் தளமான பரிவாகனில் முன்னாலேயே கட்டலாம். வாடகை பேசும்போதே "கேரள பர்மிட் உங்களுதா எங்களுதா?" என்று கேட்டுவிடுங்கள். சொல்லாமல் விட்டால் செக்போஸ்ட் வாசலில் உங்கள் தலையில் விழும். நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்கும் இது பொருந்தும், அதுவும் வணிக வண்டிதான். தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்துப் போவது சட்டப்படி தப்பு. விபத்து ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

3. போடி வழியா, உடுமலை வழியா?

மதுரையிலிருந்து இரண்டு வழியும் ஏறக்குறைய 210 கிலோமீட்டர்தான். அதனால்தான் நான் ஏமாந்தேன். போடி வழியில் போடிநாயக்கனூரைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு, பூப்பாறை, மூணாறு, ராஜமலை, மறையூர் என்று மீதி 120 கிலோமீட்டருக்கு மேல் வளைவுதான். நடுவில் மூணாறு ஊருக்குள் நெரிசல். வரையாடு பார்க்க ராஜமலை வாசலில் நிற்கும் வண்டிகளும் உங்கள் பாதையிலேயே நிற்கும். விடுமுறை நாளில் அங்கே ஐந்து கிலோமீட்டரைக் கடக்க நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மழைக்காலத்தில் மூணாறு பக்கம் மண்சரிவும் உண்டு.

உடுமலை வழியில் திண்டுக்கல், பழனி, உடுமலைப்பேட்டை வரை சமதளம். அங்கிருந்து மறையூர் 45 கிலோமீட்டருக்குள். அதில் பாதிக்கு மேல் காடு, ஆனால் வண்டி குறைவு. காந்தளூருக்கு மட்டும் போகிறவர் உடுமலை வழியைத்தான் எடுக்க வேண்டும். மூணாற்றிலும் ஒரு நாள் தங்கப் போகிறீர்கள் என்றால் உடுமலை வழியாக ஏறி, போடி வழியாக இறங்குங்கள்.

கோவைக்காரர்களுக்குக் குழப்பமே இல்லை: பொள்ளாச்சி, உடுமலை. கொச்சியில் விமானம் இறங்குபவர்கள் மூணாறு வழியாகத்தான் வர வேண்டும், ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு பொறி: வரைபடத்தில் கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர் காந்தளூருக்குக் கூப்பிடு தூரத்தில் தெரியும். நடுவில் இருப்பது மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு, புலிக்காடு. கார் போகும் பாதை இல்லை. "கொடைக்கானல் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிவிடலாம்" என்று திட்டம் போட்டால் பழனிக்கு இறங்கி உடுமலை சுற்றித்தான் வர வேண்டும்.

4. நாள் குறிப்பது

தைப்பூசத்துக்கு முந்திய இரண்டு வாரம் திண்டுக்கல்–பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரை. வண்டி ஊர்ந்துதான் போகும், அதுவும் இரவில் ஓட்டவே கூடாது. புரட்டாசி சனிக்கிழமைகளில் உடுமலை–மறையூர் சாலையில் இருக்கும் ஒன்பதாறு செக்போஸ்ட் பக்கத்து ஏழுமலையான் கோயிலுக்குக் கூட்டம் வரும். ஓணம், பூஜை விடுமுறை, பொங்கல், மே மாதம் எல்லாம் அறை வாடகை ஏறும் நாட்கள்.

நம்மவர்கள் மறப்பது ஹர்த்தால். கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பஸ், ஜீப், கடை எல்லாம் நிற்கும், தமிழ்நாட்டு பஸ்ஸும் எல்லையோடு திரும்பிவிடும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 தொடக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் கிளம்பும் முந்தைய நாள் விடுதிக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மறையூர், சின்னாறு பக்கம் மழைமறைவுப் பகுதி. ஜூன், ஜூலையில் மூணாறு நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே வெயில் அடிக்கும். நம் ஐப்பசி மழையில்தான் இந்தப் பக்கம் நனையும்.

5. காரில் போகிறவர்களுக்கு

உடுமலையில் மூன்று வேலை முடியுங்கள்: பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறை. கேரளத்தில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல், அதனால் இங்கேயே முழுக்க நிரப்புவது லாபம். மறையூர் வரை காட்டில் நம்பி நிறுத்த இடம் இல்லை. வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வையுங்கள்.

அப்புறம் நேரம். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் ஒன்பதாறு செக்போஸ்ட். அடுத்து சின்னாறு பாலத்தில் மாநில எல்லை. அங்கிருந்து மறையூர் பக்கம் வரை சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். இரண்டு பக்கமும் யானைக் காடு, இருட்டில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, பைக்குக்கு இன்னும் கண்டிப்பு. எத்தனை மணி வரை விடுவார்கள் என்று கணக்குப் போட்டு விளிம்பில் போய் நிற்காதீர்கள். என் கணக்கு: மாலை 4 மணிக்குள் ஒன்பதாறு தாண்டிவிட வேண்டும். மணி நாலைத் தாண்டிவிட்டால் உடுமலையிலோ பழனியிலோ இரவு தங்கிக் காலையில் ஏறுங்கள். பழனியில் ஒரு சாதாரண அறை, காட்டு நடுவில் யானைக்கு முன்னால் நிற்பதைவிட மலிவு.

செக்போஸ்டில் வண்டி எண், பெயர், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். விடுதியின் பெயரைச் சொன்னால் முடிந்தது. பின்பெட்டியைத் திறக்கச் சொல்வதும் உண்டு. மதுபாட்டிலோடு எல்லை தாண்டும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பையும் அப்படியே. மூணாறு போன்ற மலைச் சுற்றுலா இடங்களில் 2025 அக்டோபர் 2 முதல் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கே தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

காட்டுப் பாதையில் வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். யானை சாலையில் நின்றால் ஹார்ன் அடிக்காமல் தூரத்தில் நின்று காத்திருங்கள். எதிரில் வரும் பஸ் டிரைவர் என்ன செய்கிறாரோ அதைச் செய்யுங்கள், அவர் தினமும் பார்க்கிறவர்.

மறையூரில் மூணாறு சாலையை விட்டுப் பிரிந்து கோவில்கடவு வழியாக ஏற வேண்டும். உடுமலையிலிருந்து மறையூர் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து காந்தளூர் முக்கால் மணி. ஏற்றத்தில் ஏசியை அணைத்து முதல், இரண்டாம் கியரில் ஏறுங்கள். எதிரில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும்.

எல்லாரும் சறுக்குவது காந்தளூர் கடைத்தெருவுக்கு அப்புறம் வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரில். எங்கள் கார் கல் பரவிய ஏற்றத்தில் சக்கரம் சுழன்று நின்றது. பின்னால் வந்த ஜீப்காரர் இறங்கி அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது மேல ஏறாதுங்க. ஏத்தினா அடிச்சட்டி போயிரும். ரிவர்ஸ்ல இறக்குங்க, நான் கை காட்டுறேன்" என்றார். இருட்டில், ஒரு பக்கம் பள்ளம், இருநூறு அடி பின்னாலேயே இறக்கினேன். காரைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு அவருடைய ஜீப்பில் போனோம், 400 ரூபாய் வாங்கினார். ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். விடுதியில் முன்பே காரா ஜீப்பா என்று நேராகக் கேட்டிருந்தால் மறையூரிலேயே நிறுத்தியிருப்போம்.

6. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு

உண்மையில் எனக்கு இதுதான் பிடித்தது. ஏற்றத்தையும் யானையையும் அரசாங்க டிரைவர் பார்த்துக்கொள்கிறார்.

உடுமலை வரை: மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் கோவை ரயில் பழனி, உடுமலை வழியாகப் போகிறது, முற்பகலிலேயே இறக்கிவிடும். சென்னை சென்ட்ரலிலிருந்து பாலக்காடு போகும் எக்ஸ்பிரஸும் இரவு ஏறினால் காலையில் உடுமலை. திருவனந்தபுரம் பக்கமிருந்து அமிர்தா எக்ஸ்பிரஸ். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஆட்டோ தூரம்.

பஸ் என்றால் மதுரையில் ஆரப்பாளையம், கோவையில் உக்கடம். மதுரையில் கவனம்: கோவை பஸ்கள் பல ஒட்டன்சத்திரத்தில் பிரிந்து தாராபுரம் வழியாகப் போய்விடும், உடுமலையைத் தொடாது. ஏறும்போதே "பழனி, உடுமலை போகுமா?" என்று கண்டக்டரிடம் கேளுங்கள்.

உடுமலை முதல் மறையூர்: மூணாறு போகும் பஸ் எல்லாம் மறையூர் வழிதான். தமிழ்நாட்டு பஸ்ஸும் உண்டு, கேரள பஸ்ஸும் உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சிலதான். ஒன்றை விட்டால் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். இணையத்தில் கிடக்கும் நேர அட்டவணைகளை நம்பாதீர்கள். நான் நம்பிப் போன ஒரு பஸ் நின்றுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீ குடிக்கப் போகாமல் முதலில் நேரக்காப்பாளர் அறைக்குப் போய் "மறையூருக்கு அடுத்த வண்டி எப்போ?" என்று கேளுங்கள். அப்புறம் டீ.

கேரள பஸ்ஸில் பெயர் மலையாளத்தில் இருக்கும், கேட்டு ஏறுவதே நல்லது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான், இந்த பஸ்ஸில் கிடையாது. வாந்தி வருபவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். பயண நேரம் இரண்டு மணி, எங்கள் இருவருக்கும் சேர்த்து 200 ரூபாய்க்குள்தான் ஆனது. சில்லறை வைத்திருங்கள்.

மறையூர் முதல் காந்தளூர்: பஸ் உண்டு, பஸ் இல்லாத நேரத்துக்கு ஜீப். ஆள் சேர்த்துப் போகும் ஜீப்பில் சீட் கணக்கு, மலிவு, ஆனால் நிறையும்வரை கிளம்பாது. தனி ஜீப் எடுத்தோம், விடுதி வாசல் வரை 600 ரூபாய். பேசும்போது "காந்தளூர்" என்று மட்டும் சொன்னால் கடைத்தெரு வரைக்கும்தான் கணக்கு. விடுதியின் பெயரைச் சொல்லி, வாசல் வரை எவ்வளவு என்று பேசுங்கள். விடுதியையே ஜீப் அனுப்பச் சொன்னால் கொஞ்சம் கூட ஆகலாம், பெரியவர்கள் இருந்தால் அதுவே வசதி. பணம் வேண்டும் என்றால் மறையூரிலேயே ஏடிஎம்மில் எடுத்துவிடுங்கள்.

மூணாற்றில் இருப்பவர்களும் இதே மறையூரில் இறங்கி மாறலாம்.

7. விடுதிக் கணக்கு

ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்பு 12. பழைய கணக்கில் 12 போட்டால் கேளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஹோம்ஸ்டே ஜிஎஸ்டி பதிவே செய்திருக்காது. பதிவு எண் இல்லாமல் பில்லில் வரி வாங்கக் கூடாது. ஒரு விடுதியில் வெறும் துண்டுச்சீட்டில் "டாக்ஸ்" என்று எழுதிக் கொடுத்தார்கள். எண் எங்கே என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே அந்த வரியைக் கோடு போட்டு நீக்கிவிட்டார்கள்.

ஜீப், கேம்ப் பயர், இரவுச் சாப்பாடு மூன்றும் தனிக் கணக்கா என்பதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

8. இறங்கும் நாள்

முந்தைய இரவே மறுநாள் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, ஜீப்புக்கும் சொல்லிவிடுங்கள். உடுமலையில் மதியத்துக்குமேல் ரயில் இருந்தால், காந்தளூரிலிருந்து எட்டு மணிக்கு முன் கிளம்புவது நல்லது. மறையூரில் பஸ் மாறும் இடைவெளியில் வெல்லம் வாங்கலாம். கடையில் "மறையூர் சர்க்கரை" என்று எழுதியிருப்பதுதான் வெல்லம், சீனி என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்பதால் அந்தப் பெயரில் வேறு வெல்லமும் விற்கிறார்கள். முடிந்தால் கரும்புத் தோட்டத்துக் கொட்டகையில், காய்ச்சும் இடத்திலேயே வாங்குங்கள். சந்தனக் கட்டை மட்டும் யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். இறங்கும் வழியிலும் அதே செக்போஸ்ட்கள், அங்கே பையைத் திறக்கச் சொல்வார்கள்.